அந்தப் பெட்டி மௌத்தாகவில்லை



நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் சரியாகத்தான் நினைக்கிறார்கள். ஆனாலும் கடைசி வரை வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள்.

எங்கள் பாடசாலை நூலகத்தின் மூலையில் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. ராஸ்பெரி பை 4. கட்டாரில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கித் தந்தது. மொனிட்டர் இல்லை, கீபோர்ட் இல்லை, மவுஸ் இல்லை. வேண்டுமென்றே அப்படி வைத்தது. கிவிக்ஸ் என்ற மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவும், ஆசிரியர்கள் சேர்த்த பழைய ஓ.எல். வினாத்தாள்களும் அதற்குள் இருந்தன. டேட்டா போடக் காசில்லாத பிள்ளையும் நூலக வைபையில் அவற்றைத் திறந்து வாசிக்கலாம். பெட்டிக்குள் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் லெப்டொப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டொப்பில் அதன் திரையைத் திறந்து செய்ய வேண்டும்.

இந்த ஒரு வருடத்துக்குள் அந்தப் பெட்டி மூன்று தடவை மௌத்தாகிவிட்டதாக வட்ஸ்அப் குரூப்பில் அறிவித்தார்கள். இப்போது, "இது சரிவராது, நல்ல மினி கொம்பியூட்டர் ஒன்றும் மொனிட்டரும் வாங்குவோம்" என்று ஒரு தீர்மானம் வருகிறது. நான் அதை எதிர்க்கிறேன். மூன்று தடவையும் பெட்டி உயிரோடுதான் இருந்தது. அதன் வாசல் எங்கே என்று நாங்கள்தான் மறந்துபோனோம்.

முதலாவது மௌத்: ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. அதோடு "கனெக்ட் ஆகுதில்ல" என்றார்கள். ரவுட்டர் மறுபடி எழும்பியபோது பெட்டிக்கு வேறு ஐ.பி. முகவரி கொடுத்திருந்தது. எங்களுடைய ஆட்கள் பழைய முகவரியைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு மாறிப் போனவரின் பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, "ஆள் மௌத்" என்று ஊரெல்லாம் சொன்ன கதைதான். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அதே பக்கத்தில் அந்த முகவரியைப் பெட்டிக்கென்றே ஒதுக்கிவைத்தால் இந்த வியாதி திரும்ப வராது.

இரண்டாவது மௌத்: இணைப்புக் கிடைத்தது, படம் வரவில்லை. டெஸ்க்டொப்பைக் காட்ட முடியாது என்று ஒரு வரி மட்டும் வந்தது. மொனிட்டர் பூட்டாத பெட்டி, பார்க்க ஆளில்லை என்று நினைத்து, திரையை வரையாமலே விட்டுவிடும். ராஸ்பெரி பையின் அந்தப் பதிப்பில், அமைப்புகளுக்குள் போய் வி.என்.சி.க்கென்று ஒரு திரை அளவைத் தெரிவு செய்து, மறுபடி இயக்கினால் போதும். அதற்கு டெஸ்க்டொப்பே தேவையில்லை. எஸ்.எஸ்.எச். என்ற எழுத்து வழியால் உள்ளே போய் மாற்றலாம்.

நாங்கள் என்ன செய்தோம்? வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் மெமரி கார்டை அழித்து, புதிதாக ஒன்றை ஏற்றி, காசை வாங்கிக்கொண்டு போனார். வினாத்தாள்கள் போயின. கேட்டபோது, "பழுதாப்போன சாமான்ல என்ன இருக்கப் போகுது" என்றாராம். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பிரதி எடுத்து வைக்காதது நாங்கள். "அழிக்க முன்னால எங்களிட்ட கேளுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாததும் நாங்கள். அந்த நாங்களில் நானும் ஒருத்தி.

மூன்றாவது மௌத் அதனால் வந்தது. புதிதாக ஏற்றிய பெட்டிக்குள் எங்களால் நுழைய முடியவில்லை. பை என்ற பெயரும் ராஸ்பெரி என்ற பாஸ்வேர்டும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த ஆயத்தப் பெயரை 2022 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது ஏற்றுகிறவர்தான் பெயரும் பாஸ்வேர்டும் வைக்க வேண்டும். அவர் வைத்தார், எங்களிடம் சொல்லவில்லை. போன் பண்ணினால் எடுப்பதில்லை. கடைசியில் பாஸ்வேர்ட் கிடைத்த பிறகும் திரை திறக்கவில்லை. 2023 ஒக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து ராஸ்பெரி பை 4இன் டெஸ்க்டொப், வேலண்ட் என்ற புதிய முறைக்கு மாறிவிட்டது. உள்ளே இருக்கும் வி.என்.சி. வழங்கியும் வேறு. எங்கள் லெப்டொப்பில் கிடந்த பழைய வியூவருக்கு அதனோடு பேசத் தெரியவில்லை. டைகர் வி.என்.சி. என்ற இலவச வியூவரைப் போட்டோம். திறந்தது.

"போட்டோம்" என்றேன். போட்டது 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். போன வியாழக்கிழமை, இடைவேளைக்கும் மணி அடிப்பதற்கும் இடையில். பெட்டி வேலை செய்கிறது. தீர்மானம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

இனி, எனக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"டீச்சர், மொனிட்டர் ஒன்று இருந்தா இந்தக் கரைச்சல் இல்லதானே?" மாறிப்போன ஐ.பி. முகவரியை மொனிட்டர் தடுக்காது. சொல்லாத பாஸ்வேர்டை மொனிட்டர் சொல்லாது. அவசரத்துக்கு உதவும், அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மைக்ரோ எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று வாங்கினால் போதும். மண்டபத்தில் இருக்கும் டீ.வி.யில் பூட்டலாம்.

"புது மினி கொம்பியூட்டர் விண்டோஸ், அது லேசு." விண்டோஸின் ஹோம் பதிப்போடு வரும் பெட்டி, ரிமோட் டெஸ்க்டொப் வழியாகத் தன்னைத் திறக்க விடாது. அந்த வசதி ப்ரோ போன்ற பதிப்புகளில்தான் உண்டு. சும்மா விட்டால் தூங்கிவிடும் அமைப்போடு வந்தால், தூங்கின பெட்டியும் பதில் சொல்லாது. புதுப் பெட்டி வாங்கி, பழைய பழக்கத்தோடு அதன் முன்னால் நின்றால், நாலாவது மௌத்தையும் அறிவிக்க வேண்டியதுதான்.

"ரவுட்டரில போர்ட்டைத் திறந்து விட்டா கட்டாரிலிருந்தே பார்க்கலாம்." தயவுசெய்து வேண்டாம். 3389, 5900 இரண்டும் ரிமோட் டெஸ்க்டொப்பின் வழமையான கதவு இலக்கங்கள். அவற்றை இணையத்துக்குத் திறந்து வைத்தால், உலகம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் எங்கள் கதவையும் தட்டும். ஃபைல்களைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கிறவர்கள் நுழையும் பழகிய வழிகளில் அதுவும் ஒன்று. வெளியிலிருந்து பார்க்கத்தான் வேண்டுமென்றால் வி.பி.என். வழி இருக்கிறது. ராஸ்பெரி பை கனெக்ட் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதல் ஒரு கேள்வி: நூலகத்துப் பெட்டியைக் கட்டாரிலிருந்து பார்க்க வேண்டிய தேவை என்ன?

இனி யாராவது "மௌத்" என்று அறிவிக்க முன், கீழிருந்து மேலாக இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. விளக்கு. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கரண்ட் போதாது. இந்தப் பெட்டிக்கு 5 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். ஒரு தடவை யாரோ அதன் அடெப்டரைக் கழற்றி, பழைய போன் சார்ஜரைப் பூட்டியிருந்தார்கள். பச்சை விளக்கு மெமரி கார்டின் வேலையைக் காட்டும். இயக்கும்போது அது ஒரு தடவையும் சிமிட்டாவிட்டால் கார்டைப் பாருங்கள்.

2. முகவரி. ரவுட்டர் பட்டியலில் பெட்டி இருக்கிறதா? லெப்டொப்பும் அதே வைபையிலா? விருந்தாளிகளுக்கான வைபையில் நின்றால் பல ரவுட்டர்கள் ஒரு சாதனத்தை மற்றதைப் பார்க்க விடாது.

3. எஸ்.எஸ்.எச். எழுத்து வழியால் உள்ளே போக முடிந்தால் பெட்டி நல்ல சுகம். பிரச்சினை திரையில் மட்டும்தான்.

4. திரை. மொனிட்டர் இல்லாதபோது வரையும் அளவு அமைத்திருக்கிறதா? பெட்டியின் பதிப்புக்கும் உங்கள் வியூவருக்கும் ஒத்துப்போகிறதா?

5. ஆள். எக்ஸ்.ஆர்.டி.பி. மூலம் போய்க் கறுப்புத் திரை வந்தால், அதே பெயரில் ஏற்கெனவே ஒரு டெஸ்க்டொப் திறந்திருக்கலாம். அதை லொக்அவுட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஐந்தும் சேர்ந்து பத்து நிமிடம். கார்டை அழிப்பது இந்தப் பட்டியலில் இல்லை.

ராஸ்பெரி பையை முதன்முதலில் 2012இல் வெளியிட்டவர்கள் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் இருக்கிறார்கள். கொம்பியூட்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் தோண்டிப் பார்க்க வேண்டும், பிழைவிட்டால் திரும்பச் செய்ய வேண்டும் என்பதற்காகவே 35 டொலருக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் தொடுவதற்காகச் செய்த பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டி, "பிள்ளைகள் தொடக்கூடாது" என்று ஒட்டி வைத்த ஊர் எங்களுடையது. ஐ.சீ.டி. பாடத்தில் வலையமைப்பைப் பற்றி எழுதி ஏ எடுக்கிற பிள்ளையை நூலக ரவுட்டருக்குக் கிட்டப் போக விடாதவர்களும் நாங்கள்தான்.

ஸதகதுல் ஜாரியா என்று நம்பித்தான் அந்த நாலு பேரும் காசு தந்தார்கள். கிணறு கட்டிக் கொடுத்தவருக்கு நன்மை எப்போது போய்ச் சேரும்? ஊர் தண்ணீர் அள்ளும்போது. கயிறும் வாளியும் வேறு ஒருவரின் வீட்டில் இருந்தால் அது வெறும் குழி. பாஸ்வேர்ட் எங்களிடம் இல்லாத பெட்டியும் அப்படித்தான். சாமானுக்கு ஒரு தரம் காசு கொடுத்துவிட்டு, அதைப் பராமரிக்கும் அறிவை யாருக்கும் கொடுக்காமல் விட்டால், அமானத்தைப் பேணினோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வெள்ளிக்கிழமை நான் கேட்கப்போவது மூன்று விடயம். ஒன்று, புதுப் பெட்டித் தீர்மானத்தை ஒரு தவணைக்குத் தள்ளிவைக்க வேண்டும். இரண்டு, முகவரி, பயனர் பெயர், ஏற்றிய பதிப்பு, கடைசியாகத் தொட்டவர், தொட்ட திகதி எல்லாம் எழுதிய ஒரு கொப்பி பெட்டியின் பக்கத்தில் இருக்க வேண்டும். பாஸ்வேர்ட் உறையில் ஒட்டி அதிபரின் மேசையில். கார்டின் முழுப் பிரதி ஒன்று அலுமாரியில். மூன்று, பெட்டியின் பொறுப்பு இரண்டு மாணவர்களுக்கும் ஒரு ஆசிரியருக்கும். ஒவ்வொரு வருடமும் போகிறவர் வருகிறவருக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

செலவு: ஒரு கொப்பி, ஒரு வயர், ஒரு மெமரி கார்ட்.

ஒரு தவணை முடிய அந்தப் பெட்டி உண்மையிலேயே சரிவரவில்லை என்றால், புதியது வாங்க முதலாவதாகக் கையை உயர்த்துவது நானாக இருப்பேன், இன்ஷா அல்லாஹ். அதுவரைக்கும், வினாத்தாள்களில் பாதி ஒரு பிள்ளையின் பென்ட்ரைவில் தப்பியிருக்கிறது. மீதி யாரிடமாவது இருந்தால் நூலகத்துக்குக் கொண்டுவந்து தாருங்கள். பெட்டி திறந்துதான் இருக்கிறது.

வஸ்ஸலாம்.