எதைக் கூட்டப் போகிறீர்கள்?

எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கே யானைக்கால் வரும், அதைக் கூட்டினால் கால் வீங்காது என்கிறார்கள். தலைமுறைகளாக இந்த நோயைக் கண்ட கும்பகோணம் பக்கத்திலும் இதை நம்புகிறார்கள். தவறு.

1. ஒரே தெரு, ஒரே சாக்கடை, நோயைப் பரப்பும் ஒரே கியூலெக்ஸ் கொசு. ஒருவர் ரத்தத்தில் யானைக்கால் புழுவின் நுண்புழுக்கள் திரிகின்றன, கால் வீங்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர் ரத்தத்தில் ஒரு புழுகூட இல்லை. கால் வீங்கிக் கிடக்கிறது. யாருக்குச் சக்தி குறைவு?

2. சென்னையில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு பதில் சொல்கிறது. கால் வீங்கியவர்களிடம் புழுவுக்கு எதிரான டிஎச்1, டிஎச்17 என்னும் உதவி டி செல் வகைகளின் வினை அதிகம். அதை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களின் வேலை குறைவு. வீக்கத்தோடு சேர்ந்து நிற்பது எதிர்ப்பின் மிகுதிதான். அதையா இன்னும் கூட்டுவது?

3. உதவி டி செல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் மைக்ரோ ஆர்என்ஏக்களுக்குப் பங்குண்டு. சுமார் 22 எழுத்து நீளம்தான். தூது ஆர்என்ஏவில் ஒட்டி, புரதம் உருவாவதைத் தடுக்கும். மைக்ரோ ஆர்என்ஏ-155 இல்லாத எலிகளில் செல்கள் டிஎச்2 என்னும் இன்னொரு வகையின் பக்கம் சாய்ந்தன. மைக்ரோ ஆர்என்ஏ-326 கூடினால் டிஎச்17 பெருகுகிறது. இது திசை பற்றிய கணக்கு, வெறும் அளவு பற்றியது அல்ல.

4. புழுவிடமும் மைக்ரோ ஆர்என்ஏ உண்டு. அது முதலில் தென்பட்டதே, 1993-இல், ஓர் உருளைப்புழுவில். யானைக்கால் புழுவும் உருளைப்புழுதான். எலிக்குடலில் வாழும் இன்னொரு உருளைப்புழு தன் மைக்ரோ ஆர்என்ஏக்களைச் சிறு பைகளில் அடைத்து எலியின் செல்லுக்குள் அனுப்புவதை 2014-இல் காட்டினார்கள்.

டிஇசி மாத்திரை நுண்புழுவைக் கொல்கிறது. வீங்கிய காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தை ஒற்றியெடுத்தால் வீக்கத்தோடு வரும் குளிர்காய்ச்சல் குறைகிறது. சக்தி கூட்டும் பொடி இவற்றில் எதைச் செய்கிறது?