சந்தா முடிந்த பிறகும் பாட்டு

சொந்தமாக வரி எழுதி, மெட்டமைத்து, வீட்டு அறையிலேயே பதிவு செய்து முடித்த இளைஞர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அண்ணா, எந்த டிஸ்ட்ரிபியூட்டர்ல கமிஷன் கம்மி?” கமிஷனை அப்புறம் பார்க்கலாம் தம்பி, நீ பணம் கட்டுவதை நிறுத்தினால் உன் பாட்டு என்ன ஆகும், அதை முதலில் விசாரி என்பேன்.

ஸ்பாட்டிஃபையும் ஆப்பிள் மியூசிக்கும் தனி ஆளிடமிருந்து பாட்டை நேரடியாக வாங்கிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். ஒலிக்கோப்பு, அட்டைப்படம், பாடியவர், எழுதியவர் விவரம் எல்லாவற்றையும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும், வரும் பணத்தை வசூலித்துத் தரும். இந்த வேலையைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கின்றன. காசு வாங்கும் முறையில்தான் பிரிகின்றன.

டெரெக் சிவர்ஸ் 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய சிடி பேபி, வெளியீட்டுக்கு ஒரே ஒரு முறை கட்டணம் வாங்கிக்கொண்டு, பிறகு வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும் முறையைப் பிரபலமாக்கியது. 2013-இல் பிலிப் கப்லான் தொடங்கிய டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்குகிறது. எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஸ்ட்ரீமிங் வருமானத்தில் கமிஷன் கிடையாது. ஆனால் சந்தா நின்றால் பாட்டுகள் தளங்களிலிருந்து இறக்கப்படலாம். அப்படி ஆகாமலிருக்க ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியாக இன்னொரு தொகை கட்ட வேண்டும். ரூட்நோட்டில் முன்பணமே இல்லாத வழி உண்டு. அதற்கு ஈடாக 15 சதவீதம் போகும்.

கமிஷனே இல்லை என்பது காதுக்கு இனிக்கிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. அந்த எண்ணிக்கையைத் தொடாத பாட்டில் 9 சதவீதம் என்பதும் சுழியம், 15 சதவீதம் என்பதும் சுழியம். ஆண்டுச் சந்தா மட்டும் வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் கையிலிருந்து போகிறது. வாடகை வீடு மாதிரி, கட்டும்வரைதான் இடம். மாதம் ஒரு பாட்டு வெளியிடும் ராப் கலைஞருக்கு அது லாபம்தான். மூன்று வருடம் உழைத்து ஒரே ஒரு தொகுப்பு கொண்டுவரும் நாட்டுப்புறப் பாடகிக்கு அது பொருந்தாது.

எனக்கு அந்தப் பாடகியைப் பற்றித்தான் அக்கறை. சினிமாவுக்கு வெளியே பிறக்கும் தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் தாமதமாகத்தான் தன் காதுகளைக் கண்டடைகிறது. யாரோ ஒருவர் ஒரு போராட்ட மேடையில் பாடுவார், ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகள் ஆடுவார்கள், அதன் பிறகுதான் தேடல் தொடங்கும். அந்த நேரத்தில் பாட்டு தளத்தில் இருக்க வேண்டும். வங்கி அட்டை காலாவதியானதாலோ, வேலைச் சுமையில் சந்தாவை மறந்துபோனதாலோ ஒரு பாட்டு காணாமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, வெளியேறும் வழியைச் சேரும்போதே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளக் குறி உண்டு. நிறுவனம் தரும் அந்தக் குறியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மாறும்போது அதே ஒலிக்கோப்பை, அதே தலைப்பிலும் பெயரிலும், அதே குறியோடு புதிய இடத்தில் முதலில் ஏற்றி, அது தளங்களில் தெரிந்த பிறகு பழையதை இறக்கச் சொல்ல வேண்டும். அப்போதுதான் இதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பெரும்பாலும் கூடவே வரும். அவசரப்பட்டுப் பழையதை முதலில் நீக்கினால் நடுவில் பாட்டே இல்லாத நாட்கள் வரும். ஒப்பந்தத்தில் மாஸ்டர் உரிமையை, அதாவது ஒலிப்பதிவின் உடைமையையே, கேட்கும் வரி இருந்தால் அது விநியோகம் அல்ல, வேறு வியாபாரம். அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு இல்லை. கார்த்திக் என்றோ திவ்யா என்றோ மட்டும் பதிந்தால், முன்பே அந்தப் பெயரில் இருக்கும் வேறொருவரின் பக்கத்தில் உங்கள் பாட்டு போய் ஒட்டிக்கொள்ளலாம். இனிஷியலையோ ஊர்ப்பெயரையோ சேர்த்து, முதல் பாட்டிலிருந்தே ஒரே எழுத்துக்கூட்டலில் நில்லுங்கள்.

விநியோக நிறுவனம் வசூலித்துத் தருவது ஒலிப்பதிவுக்கான பணம். மெட்டுக்கும் வரிக்கும் உரிய ராயல்டி வேறு பாதையில் வருகிறது. அதற்கு அந்த ராயல்டியை இந்தியாவில் வசூலித்துத் தரும், 1969-இல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கொடுத்த ராயல்டி உரிமை பெரிய வெற்றி. அதைப் பெறப் பதிவு செய்யாமலே பல பாட்டுகள் வெளிவருவது வருத்தமாக இருக்கிறது.

கடைசியாக, பதிவேற்றப் படிவத்தில் யூடியூப் கன்டென்ட் ஐடி என்று ஒரு கட்டம் இருக்கும். பிறர் காணொளிகளில் உங்கள் ஒலி வந்தால் கண்டுபிடித்து உங்கள் சார்பில் உரிமை கோரும் ஏற்பாடு அது. காசு கொடுத்து வாங்கிய தவில் லூப்பையோ, இணையத்தில் எடுத்த தம்புரா ஒலியையோ பயன்படுத்தியிருந்தால் அந்தக் கட்டத்தை டிக் செய்யாதீர்கள். அதே லூப்பை வாங்கிய இன்னொரு கலைஞரின் காணொளி மீது உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போய் விழும், அவருக்குச் சேர வேண்டிய விளம்பரப் பணம் உங்கள் கணக்குக்குத் திரும்பும். அந்த டிக் இல்லாமலே பாட்டு எல்லாத் தளங்களுக்கும் போகும்.