இரண்டு கண் போதாது!

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்துவிட்டால், இருக்கன்குடிக்குப் போகும் சாலைகளில் எல்லாம் கூட்டம்தான். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் குடிகொண்டிருக்கும் மாரியம்மனைத் தரிசிக்க, பல ஊர்களில் இருந்தும் பக்தர்கள் நடந்தே வருகிறார்கள். இரவில் வழி தவறினாலும் கவலை இல்லை. டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஆகாயத்தில் டீக்கடை உண்டா?

அங்கே மைல்கல் கிடையாது. கைகாட்டி மரம் கிடையாது. மேகம் சூழ்ந்தால் எதிரே இருக்கும் மலைகூடத் தெரியாது. விமானம் போகும் திசை ஒரே ஒரு பாகை தவறினால், 60 மைல் போவதற்குள் பாதையை விட்டு 1 மைல் விலகிவிடும். அந்த 1 மைலில் ஒரு மலை இருந்தால்?

சின்னமனூர் மலையில்

1971ம் ஆண்டு டிசம்பர் 9ந் தேதி, இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மதுரையில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தது. பகல் நேரம்தான். ஆனால் பார்வைக்குத் தெளிவில்லை. சின்னமனூர் அருகே மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 31 பேரில் 21 பேர் மாண்டார்கள்.

இதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பு, உலகத்தையே உலுக்கிய விபத்து ஒன்று நடந்தது. 1966ம் ஆண்டு ஜனவரி 24ந் தேதி, ஏர் இந்தியாவின் போயிங் விமானம் ஜெனீவாவில் இறங்கப் போய்க் கொண்டிருந்தது. அணுசக்தி விஞ்ஞானி டாக்டர் ஹோமி பாபா அதில் இருந்தார். திசையறிய உதவும் ரேடியோக் கருவிகளில் ஒன்று பழுது என்பது, பெய்ரூட்டில் இருந்து கிளம்பும்போதே விமானிக்குத் தெரியும். ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று அவர் போட்ட கணக்கு தவறிவிட்டது.

தரையில் ராடாரைப் பார்த்துக் கொண்டிருந்த அதிகாரி, தவறைக் கண்டுபிடித்தார். விமானிக்குச் செய்தியும் சொன்னார். ஆனால் சொன்ன வார்த்தை தெளிவாக இல்லை. சிகரத்தைத் தாண்டியாகிவிட்டது என்று எண்ணிய விமானி, மேலும் கீழே இறங்கினார். 117 பேரும் மாண்டார்கள்.

தவறைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. கேட்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அவருக்குப் புரிந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்று முறை சொன்னார்

தெளிவாகச் சொன்னாலும் கேட்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கு மங்களூர் சாட்சி.

2010ம் ஆண்டு மே 22ந் தேதி, துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், வேண்டிய உயரத்தைவிட மிக அதிக உயரத்தில் மங்களூரை நெருங்கியது. "இறங்க வேண்டாம், மறுபடி மேலே போய்ச் சுற்றி வருவோம்" என்று துணை விமானி மூன்று முறை கூறினார். எச்சரிக்கைக் கருவியும் அலறியது. தலைமை விமானி நிறுத்தவில்லை. ஓடுபாதையில் பாதிக்கு மேல் தாண்டிய பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் பலியானார்கள். பிழைத்தவர்கள் 8 பேர்தான்.

யானைக்கும் அடி சறுக்கும். அனுபவசாலிக்கும் கை தவறும். அதனால்தான் பிரயாணிகள் விமானத்தில் இரண்டு விமானிகளை வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கவனிப்பார். போகவேண்டிய பாதையைக் கருவியில் ஒருவர் பதிவு செய்தால், மற்றவர் அதைத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். "இவ்வளவு அடிக்கு இறங்கு" என்று தரையில் இருந்து உத்தரவு வந்தால், அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். விண்கோள் வழிகாட்டும் இந்தக் காலத்திலும் இந்த வழக்கத்தை விடவில்லை. தவறான எண்ணைக் கொடுத்தால் கருவி தவறான இடத்துக்குத்தான் கொண்டு போகும்!

பட்டாசு ஆலைக்கும் பாடம்

இந்தப் பாடம் ஆகாயத்துக்கு மட்டும் சொந்தமா? இருக்கன்குடி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில், மருந்தோடு பழகும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2012ம் ஆண்டு செப்டம்பர் 5ந் தேதி, முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் ஏறத்தாழ 40 பேர் மாண்டதை இந்தச் சீமை மறந்துவிடாது.

ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று விதி இருக்கிறது. விதியைச் சுவரில் எழுதி வைத்தால் மட்டும் போதுமா? "அண்ணாச்சி, அறையில் ஆள் கூடிப்போச்சு" என்று ஒரு பெண் தொழிலாளி சொன்னால், போர்மேன் வேலையை நிறுத்திவிட்டுத் தலையை எண்ண வேண்டும். "உன் வேலையைப் பார்" என்று அதட்டினால், அடுத்த நாள் அவள் வாய் திறக்க மாட்டாள். எண்ணிக்கைக்குத் தக்க கூலி வாங்குபவளுக்கு, வேலை போய்விடுமோ என்ற பயம் ஏற்கனவே இருக்கிறது.

ஆகவே ஆலை முதலாளிகள் ஒன்று செய்யலாம். காலையில் வேலை தொடங்கும் முன், ஆள் கணக்கையும் மருந்துக் கணக்கையும் ஒருவர் உரக்கச் சொல்லட்டும். இன்னொருவர் சரிபார்க்கட்டும். தவறு என்று சொல்பவரின் கூலியில் ஒரு காசுகூடக் குறையாது என்று உறுதி கொடுக்கட்டும்.

சொன்னவர் சந்தேகம் வீணாகவே இருக்கட்டும். அதனால் என்ன நஷ்டம்? பத்து நிமிட வேலைதான்!