மலேரியா இல்லாத நாடு என்ற பெயர் தானாக நிலைக்காது



இன்று நாங்கள் வகுப்பில் படிப்பிக்கும் பிள்ளைகளுக்கு மலேரியா என்பது பரீட்சைக்கு எழுதும் ஒரு விடை மட்டும்தான். வீட்டில் மூத்தம்மாமாரிடம் கேட்டால்தான் மற்றக் கதை வரும். மூன்று போர்வை போட்டும் நிற்காத நடுக்கம், கசப்புக் குளிசை, வீடு வீடாக வந்து சுவருக்கு மருந்தடித்தவர்கள். இந்த மறதி ஒரு விதத்தில் பெரிய நிஃமத். இன்னொரு விதத்தில் அதுவே ஆபத்து.

1934, 35இல் இந்த நாட்டில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. பிறகு டீ.டீ.ரீ. வந்தது. வீடுகளுக்குள் மருந்தடித்தார்கள், காய்ச்சல்காரரைத் தேடித் தேடி இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 1963இல் நாடு முழுவதற்கும் வெறும் 17 நோயாளிகள்தான். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்து மருந்தடிப்பதை நிறுத்தினோம். கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் ஒரே ஆண்டில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் நோய் வந்தது. 17இலிருந்து ஐந்து லட்சத்துக்குப் போக ஆறு வருடம் போதுமாக இருந்தது.

உலகத்திலும் இதே கதைதான். 1955இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியாவை அடியோடு ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் வெற்றி கிடைத்தது. நோய் கூடுதலாக இருந்த ஆபிரிக்காவின் பெரும்பகுதியோ அந்தத் திட்டத்துக்குள் வரவேயில்லை. நுளம்புகள் மருந்துக்குப் பழகின, காசும் குறைந்தது, 1969இல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நாம் மறுபடி எழுந்து வர நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. யுத்தம் நடந்த காலத்திலும் வடக்கு கிழக்கில் சுகாதார ஊழியர்கள் இரண்டு பக்கத்துக்கும் போய் வேலை செய்தார்கள். உலகளாவிய நிதியத்தின் உதவியில் மருந்தூட்டிய நுளம்பு வலைகள் நம் வீடுகளுக்கும் வந்தன. 2012 ஒக்டோபரோடு உள்ளூரில் தொற்றிய மலேரியா நின்றது. 2016 செப்டம்பர் 5இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் நமக்குக் கிடைத்தது.

ஆனால் உலகம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2023இல் 263 மில்லியன் பேருக்கு மலேரியா வந்திருக்கிறது. 597,000 பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஆபிரிக்கப் பிராந்தியத்தில். அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். இப்போது இரண்டு தடுப்பூசிகள் இருக்கின்றன, நல்ல வலைகள் இருக்கின்றன. இல்லாதது காசு. அந்த ஆண்டு தேவைப்பட்டது 8.3 பில்லியன் டொலர், கிடைத்தது 4 பில்லியன். 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியையும் வெட்டியது. நமக்கு வலை கொடுத்த கை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காமல் மடங்கும்போது, “நமக்கென்ன” என்று இருப்பது நன்றியுள்ள சமூகத்துக்கு அழகல்ல.

அது வெறும் அனுதாபத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. நம் ஆட்கள் மாணிக்கக்கல் வியாபாரத்துக்கு மடகாஸ்கருக்கும் மொசாம்பிக்குக்கும் போகிறார்கள். ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு வருபவர்கள் இருக்கிறார்கள். 2018இல் இங்கே வேலைக்கு வந்த ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியிடமிருந்து, நுளம்பு வழியாக, உள்ளூர்க்காரர் ஒருவருக்கு நோய் தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் அது அந்த ஒருவரோடு நின்றது. 2016இன் கடைசியில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய நுளம்பும் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் வளர்வது, ஊருக்கு நடுவே வாழக்கூடியது.

“டெங்குவில் சனம் சாகுது, இல்லாத மலேரியாவைப் பற்றி ஏன் கதைக்கிறீர்கள்?” என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் தண்ணீர்த் தாங்கிக்குப் போடும் ஒரு மூடி இரண்டு நுளம்பையும் தடுக்கும். மேலும் டெங்கு நம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, டொக்டருக்கும் உடனே நினைவு வரும். மலேரியாவோ யாருக்கும் நினைவு வராததாலேயே உயிரை எடுக்கும். காய்ச்சலோடு போகிறவர் தான் ஆபிரிக்காவிலிருந்து வந்ததைச் சொல்லாவிட்டால், டெங்கு என்று நினைத்தே நாலு நாள் போய்விடும். மூளையைத் தாக்கும் வகையென்றால் அந்த நாலு நாளே மௌத்துக்குப் போதும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்பே மலேரியா தடுப்பு இயக்கத்தின் பணிமனைக்குப் போய்த் தடுப்புக் குளிசை எடுக்க வேண்டும். அது இலவசம். திரும்பி வந்த பின்னும் சொன்ன நாள்வரை போட்டு முடிக்க வேண்டும்.

வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், டொக்டர் கேட்காவிட்டாலும் எந்த நாட்டுக்குப் போய் வந்தோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

பீ.எச்.ஐ. மாரும் மலேரியா ஊழியர்களும் கிணறு பார்க்க வந்தால் கேற்றைத் திறந்து விடுங்கள்.

வெளியிலிருந்து வந்த தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால் அவரை விரட்டாதீர்கள். விரட்டினால் நோயை ஒளிப்பார். வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனால் அவரும் பிழைப்பார், ஊரும் தப்பும்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பின் செய்யும் அறிவித்தல்களில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது இதையும் சேருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்காது.

1963இல் நம் பெரியவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும். தெரிந்தும் அசட்டையாக இருந்தால் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லச் சாட்டு இருக்காது.

உங்கள் குடும்பத்தில் வெளிநாடு போகிறவர் இருந்தால் அவருக்கு இதை அனுப்பி வையுங்கள்.