எட்டுப் பேர் இருந்தால்தான் ஐந்து பேர் நிற்பார்கள்

2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நடந்த கல்லூரி அமெரிக்கக் கால்பந்து தேசிய இறுதியாட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட் 34–23 என்று நோட்ரே டேமை வென்றது. அன்று இரு பக்கமும் பந்தை ஸ்னாப் செய்த சென்டர்கள் இருவரும், சீசனின் முதல் ஆட்டத்தில் அந்த இடத்தில் இறங்காதவர்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் கார்சன் ஹின்ஸ்மன் 2023இல் சென்டராக ஆடியவர். அலபாமாவிலிருந்து செத் மெக்லாக்லின் வந்து சேர்ந்ததும் அந்த இடம் பறிபோனது. நோட்ரே டேமின் பாட் கூகன் 2023 முழுதும் லெப்ட் கார்டாக ஆடியவர். 2024 தொடக்கத்தில் அந்த இடம் சாம் பெண்டில்டனுக்குப் போனது. இடம் இழந்த இருவரும் அந்த ஆண்டு அணியை விட்டுப் போகவில்லை, பயிற்சியிலும் தளரவில்லை. ஜனவரியில் நாட்டின் மிகப் பெரிய கல்லூரி ஆட்டம் அவர்கள் கைகளிலிருந்துதான் தொடங்கியது.

ஆஃபென்ஸிவ் லைனின் பின்பலம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அந்த சீசன் தந்த பதிலைவிடத் தெளிவான பதில் வேறில்லை. ஆகவே இந்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறோம். நம் துறையில் பின்பலம் என்றதும் பலரும் டெப்த் சார்ட்டைக் காட்டுகிறார்கள். ஐந்து இடம், ஒவ்வொன்றின் கீழும் மூன்று பெயர், மொத்தம் 15 பேர். தாளில் கட்டம் நிரம்பிவிடுகிறது. ஆனால் லெப்ட் டேக்கில் காயமடைந்தால் இறங்க வேண்டியவர், லெப்ட் டேக்கிலின் கீழே பெயர் எழுதப்பட்டவர் என்று கட்டாயமில்லை. அணியின் ஆறாவது சிறந்த லைன்மேன் யாரோ அவரை ஐவருக்குள் கொண்டுவர வேண்டும். அதற்காக யார் யார் எங்கே நகர வேண்டும் என்பதுதான் உண்மையான கேள்வி. அந்த நகர்வு காயம் ஏற்படுவதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

ஒஹாயோ ஸ்டேட்டில் நடந்ததைப் பார்ப்போம். 2024 அக்டோபர் 12 அன்று ஆரிகன் ஆட்டத்தில் லெப்ட் டேக்கில் ஜோஷ் சிம்மன்ஸுக்கு முழங்காலில் காயம். சீசன் முடிந்தது. அடுத்த நெப்ராஸ்கா ஆட்டத்தில், வழக்கப்படி, அவருக்குப் பின்னால் இருந்த சென் மிக்கால்ஸ்கியை இறக்கினார்கள். அவரும் அதே ஆட்டத்தில் காயமடைந்தார். அடுத்த வாரம் பென் ஸ்டேட்டுக்கு எதிராக, லெப்ட் கார்ட் டானவன் ஜாக்சன் டேக்கிலுக்கு நகர்ந்தார். அவர் விட்ட கார்ட் இடத்துக்கு ஹின்ஸ்மன் வந்தார். நவம்பரில் பயிற்சியின்போது மெக்லாக்லினின் குதிகால் தசைநார் அறுந்தது. ஹின்ஸ்மன் சென்டருக்குப் போனார். கார்ட் இடத்தில் ஆஸ்டின் சீர்வெல்டும் லூக் மான்ட்கோமரியும் ஆடினார்கள். இரண்டு பெரிய காயங்கள் லைனின் இடது பக்கம் முழுவதையும் சென்டரையும் மாற்றிவிட்டன. அப்படியிருந்தும் அந்த அணி மொத்தம் 16 ஆட்டங்கள் ஆடிப் பட்டம் வென்றது. மெக்லாக்லின் அந்த ஆண்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது பெற்றவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இழப்பின் அளவு புரியும்.

எதிரணியின் கதையும் ஏறக்குறைய இதுதான். நோட்ரே டேமுக்கு ஆகஸ்ட் மாதமே முதல் அடி. டேக்கில் சார்ல்ஸ் ஜகுசாவின் மார்புத் தசை கிழிந்தது. முதலாண்டு மாணவர் ஆந்தனி நாப் லெப்ட் டேக்கிலாக டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே இறங்கினார். செப்டம்பரில் சென்டர் ஆஷ்டன் கிரெய்க் முழங்கால் காயத்தால் வெளியேற, கூகன் அந்த இடத்துக்கு வந்தார். 2023இல் கார்டாக ஆடி இடம் இழந்திருந்த ராக்கோ ஸ்பிண்ட்லரும் திரும்ப அழைக்கப்பட்டார். அரையிறுதியில் நாப் காயமடைந்தபோது, ஜகுசா அதற்குள் குணமாகி வந்திருந்தார். இறுதியாட்டத்தில் லெப்ட் டேக்கில் அவர்தான்.

இந்த இரண்டு அணிகளும் ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு, மாட்டைத் தூக்கி ஆட்டில் போடவில்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் ஓர் அடிப்படை இருந்தது. ஹின்ஸ்மன் சென்டருக்குப் புதியவரல்ல. கூகனும் ஸ்பிண்ட்லரும் முந்தைய ஆண்டு கார்டாக ஆடிப் பழகியவர்கள். நகர்ந்தவர்களில் லைனின் நடுவிலிருந்து டேக்கிலுக்குப் போனவர் ஜாக்சன் ஒருவர்தான், அவரோ அணியின் மிகத் திறமையான லைன்மேன்களில் ஒருவர். புதிய இடத்தைக் கற்றுக்கொள்ளும் பாரத்தைத் திறமை மிகுந்தவர் மேல் ஏற்றி, மற்றவர்களை முடிந்தவரை அவர்களுக்குத் தெரிந்த வேலையில் வைத்ததுதான் அங்கே எடுக்கப்பட்ட சரியான முடிவு.

இதிலிருந்து பயிற்சியாளர்களாகிய நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, எண்ணிக்கை. ஐந்து பேரையும் பத்துப் பேரையும் விட்டுவிட்டு எட்டுப் பேரைக் கணக்கில் வையுங்கள். ஆகஸ்ட் முகாம் முடியும்போது, நாளைக்கே ஒரு கான்ஃபரன்ஸ் ஆட்டத்தில் இறங்கினால் நம்பலாம் என்று சொல்லக்கூடிய எட்டுப் பேர் வேண்டும்: இரு பக்கமும் ஆடத் தெரிந்த மூன்றாவது டேக்கில் ஒருவர், இரு பக்கமும் ஆடக்கூடிய மூன்றாவது கார்ட் ஒருவர், இரண்டாவது சென்டர் ஒருவர். பத்தாவது, பதினோராவது ஆளைப் பற்றிய கவலை அடுத்த ஆண்டுக்கானது. எட்டாவது ஆளைப் பற்றிய கவலை இந்தச் சனிக்கிழமைக்கானது.

இரண்டாவது, இடம் மாறுவதன் உண்மையான விலை. இடது பக்கம் ஆடுபவரை வலது பக்கம் நிறுத்தினால் எந்தக் காலைப் பின்னால் வைப்பது, எந்தக் கையை முதலில் நீட்டுவது, பாஸ் செட்டில் இடுப்பை எந்தப் பக்கம் திறப்பது என்று எல்லாமே தலைகீழாகிவிடும். ஆண்டுக்கணக்கில் உடம்பில் ஏறிய பழக்கத்தை ஒரே வாரத்தில் மாற்றச் சொல்வது நியாயமில்லை. ஆகவே மூன்றாவது டேக்கில் வாரம்தோறும் இரு பக்கமும் செட் எடுத்துப் பழக வேண்டும். கார்டுகள் எல்லோரும் நாள்தோறும் ஷாட்கன் ஸ்னாப் போட வேண்டும். ஈரப் பந்திலும் போட வேண்டும். சென்டர் இல்லாமல் போனால் வெறும் ஸ்னாப் மட்டும் போவதில்லை. டிஃபென்ஸைப் படித்து, நடு லைன்பேக்கர் யாரென்று காட்டி, பாதுகாப்பை எந்தப் பக்கம் திருப்புவதென்று சொல்லும் குரலும் போய்விடுகிறது. அந்தக் குரலை இரண்டாவது ஆளிடமும் வளர்க்க வேண்டும். வீடியோ அறையில் இரண்டாவது சென்டரை எழுப்பி அழைப்புகளைச் சொல்ல வைக்காத பயிற்சியாளர், அந்தப் பாடத்தை மூன்றாம் டவுனில்தான் கற்பிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சேர்ந்து ஆடும் பழக்கம். இரண்டு பேர் ஒரு டிஃபென்ஸிவ் டேக்கிலை இடித்து நகர்த்தி, அதிலிருந்து ஒருவர் சரியான நொடியில் பிரிந்து லைன்பேக்கரிடம் போவது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. தோளோடு தோள் நின்று பழகி வருவது. இரண்டாம் அணி எப்போதும் இரண்டாம் அணியோடு மட்டுமே பழகினால், அதிலிருந்து ஒருவர் முதல் அணிக்கு வரும் நாளில் பக்கத்தில் நிற்பவர் அந்நியராக இருப்பார். வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்புக்குள் எல்லாம் செய்தாக வேண்டும் என்பது தெரியும். ஆயினும் செவ்வாய்க்கிழமை ஓட்டப் பயிற்சியில் சில சுற்றுகளிலாவது ஆறாவது, ஏழாவது ஆளை முதல் அணியின் நடுவில் நிறுத்துங்கள். ஐந்து பேரையும் மொத்தமாக மாற்றாதீர்கள். ஒருவரை மட்டும் மாற்றுங்கள். காயம் அப்படித்தான் வருகிறது.

நான்காவது, ஆட்ட அனுபவம். 2018 முதல் ஒரு மாணவர் நான்கு ஆட்டங்கள் வரை ஆடியும் ரெட்ஷர்ட் உரிமையை இழக்காமல் இருக்கலாம். அந்த நான்கு ஆட்டங்களை லைன்மேன்களுக்குத் திட்டமிட்டுப் பயன்படுத்துபவர்கள் இன்னும் குறைவு. முன்னணி பெரிதாகிவிட்ட ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் ஐந்து புதியவர்களையும் ஒன்றாக இறக்கினால், அவர்கள் தடுமாறுவதை மட்டுமே பார்க்கலாம். இரண்டாம் கால்பகுதியில் மூன்று மூத்தவர்களோடு இரண்டு இளையவர்களை ஒரு தொடர் ஆட விட்டால், அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

ஐந்தாவது, காலம். பதினெட்டு வயதில் வரும் டேக்கிலுக்கு உடல் எடை வரலாம். இடுப்பு பலமும் கால் வேகமும் சேர்ந்து வர இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். லேன் ஜான்சன் ஜூனியர் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். ஓக்லஹோமாவில் டைட் எண்ட், டிஃபென்ஸிவ் எண்ட் என்று மாறி, டேக்கிலாகி, 2013 டிராஃப்டில் நான்காவதாகத் தேர்வானார். இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கவும் காத்திருக்கவும் பொறுமை வேண்டும். லைனுக்கு ஆண்டுதோறும் நான்கு பேரையாவது சேர்க்க வேண்டும். ஓராண்டு தவறினால் அந்தப் பள்ளம் மூன்றாண்டு கழித்துத்தான் கண்ணில் படும். அப்போது அதை நிரப்ப வழியிருக்காது.

வழியா இல்லை, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இருக்கிறதே என்று கேட்பார்கள். சிம்மன்ஸும் மெக்லாக்லினும் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள்தான். அவர்கள் இல்லாமல் ஒஹாயோ ஸ்டேட் அந்த உயரத்தைத் தொட்டிருக்காது. ஆனால் அவர்கள் விழுந்தபோது தாங்கியவர்கள் அந்த அணியிலேயே வளர்ந்தவர்கள். முதல் ஐவரை வெளியிலிருந்து பெறலாம். ஆறாவது, ஏழாவது இடத்தில் உட்கார்ந்து காத்திருக்கச் சம்மதித்து எந்த நல்ல லைன்மேனும் ஊர் மாறி வருவதில்லை. மேலும், 2026 முதல் போர்ட்டல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே ஒருமுறைதான் திறக்கும். வசந்தகாலப் பயிற்சியில் ஒரு டேக்கிலின் முழங்கால் போனால், பழையபடி ஏப்ரலில் ஆள் தேட முடியாது. கையில் இருப்பவர்களோடுதான் செப்டம்பருக்குப் போக வேண்டும்.

போர்ட்டலின் மறுபக்கம் இன்னும் கடுமையானது. அந்த இறுதியாட்டத்துக்குப் பின் நோட்ரே டேமிலிருந்து கூகன் இந்தியானாவுக்கும், ஸ்பிண்ட்லர் நெப்ராஸ்காவுக்கும், பெண்டில்டன் டென்னஸிக்கும் போனார்கள். மூவரும் நடு வரிசையில் ஆடிப் பழகியவர்கள். அவர்கள் போனதில் குற்றம் ஏதுமில்லை. தங்கள் ஆட்டக்காலம் குறுகியது என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால் ஒரு பயிற்சியாளர் மூன்றாண்டு செலவிட்டுச் சேர்த்த பின்பலம் ஒரே மாதத்தில் கலைந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே ஆறாவது ஆளைத் தக்கவைப்பது ஆளெடுப்புக்குச் சமமான வேலை. அவருக்கு எத்தனை ஸ்னாப் கிடைக்கும், எந்த இடத்தில், எந்த ஆண்டு முதல் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். நிறைவேற்ற முடியாத வாக்கு கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகம் பகிரும் வருமானத்தில் அவர் பங்கைத் தீர்மானிக்கும் மேசையிலும் லைன் பயிற்சியாளரின் குரல் கேட்க வேண்டும்.

இங்கே நிர்வாகங்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் உடன்படிக்கைக்குப் பின், 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய் 105 பேர் கொண்ட அணி என்ற வரம்பு வந்திருக்கிறது. ஸ்காலர்ஷிப் கூடியது நல்லதே. ஆனால் முன்பு அந்த 85க்கு மேல் வாக்-ஆன்களாகச் சேர்ந்து, ஸ்கவுட் அணியில் தினமும் அடிவாங்கி, நான்காம் ஆண்டில் கார்டாக எழுந்து நின்ற மாணவர்களுக்கான வாசல் குறுகிவிட்டது. 105இல் எத்தனை இடம் லைனுக்கு என்று பேசும்போது, அந்த நீண்டகால மாணவர்களுக்காக இரண்டு மூன்று இடங்களை விட்டுக்கொடுக்காமல் கேட்டுப் பெறுவது நம் கடமை.

பணமும் போர்ட்டலும் இல்லாமல் இது நடக்காது என்று சோர்ந்துபோகத் தேவையில்லை. நாட்டின் சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருது 2015 முதல் வழங்கப்படுகிறது. தனி ஆளுக்குத் தராமல் முழு லைனுக்கும் தரப்படும் விருது அது. அலபாமா, நோட்ரே டேம், எல்எஸ்யு, மிச்சிகன் போன்ற பெரிய பெயர்களுக்குப் பிறகு 2024இல் அதைப் பெற்றது ஆர்மி, ராணுவக் கல்லூரி. போர்ட்டலில் ஆள் வாங்கி லைன் கட்டும் வசதி அங்கில்லை. வந்தவர்களையே வளர்த்து, வரிசையில் நிற்க வைத்து, மூத்தவர் போகும்போது இளையவரை அந்த இடத்துக்கு அனுப்பும் பழைய முறைதான் அங்கே நடக்கிறது. அந்த முறை இன்றும் பலிக்கிறது.

அடுத்த வசந்தகாலப் பயிற்சியின் 15 நாட்களுக்கான அட்டவணையை வரையும்போது, முதல் ஐவரின் பெயரை எழுதும் முன் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று பெயர்களை எழுதுங்கள். அவர்கள் எந்த இரண்டு இடங்களைக் கற்க வேண்டும், யார் பக்கத்தில் நின்று கற்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பிறகு அந்த மூவரையும் தனித்தனியே கூப்பிட்டு அதைச் சொல்லுங்கள். சீசன் நீண்டுவிட்டது, பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தபின் இறுதிவரை போகும் அணி பெரும்பாலும் 16 ஆட்டம் ஆடுகிறது. அத்தனை ஆட்டத்தையும் முதல் ஐவரே முடித்துவிடுவார்கள் என்று நம்பித் திட்டமிடுபவர், அந்த மாணவர்களின் முழங்கால்களைப் பணயம் வைக்கிறார். பின்பலம் கட்டுவது வெற்றிக்கான வழி மட்டுமல்ல, நம்மை நம்பி வந்த பிள்ளைகளுக்கு நாம் தரும் பாதுகாப்பும் அதுவே.