சிதம்பரம் சரி, அடா யோனத்?

2009-இல் வேதியியல் நோபல் வந்தபோது வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவராக்கும் என்று குதித்தோம். சரி, குதிக்கலாம். அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட இஸ்ரேலின் அடா யோனத் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் தொழிற்சாலை. அதைப் படிகமாக்கவே முடியாது என்று பெரிய தலைகள் சிரித்தபோது, 1980 வாக்கில் முதல் படிகங்களை வளர்த்துக் காட்டினார். வளர்த்தும் என்ன பயன்? எக்ஸ்-கதிர் பட்டதும் படிகம் கெட்டுவிடும், தரவு பாதியில் நிற்கும். 1980களின் நடுவில் ஹோக்கன் ஹோப்புடன் சேர்ந்து படிகத்தைச் சட்டென்று மைனஸ் 185 டிகிரி அளவுக்குக் குளிரவைத்தார். தாங்கியது! இன்று புரதப் படிகம் வைத்து மல்லுக்கட்டும் ஆய்வகங்களில் இது அன்றாட வேலை. ஆனாலும் அணு அளவிலான அமைப்பு வந்தது 2000-இல்தான்.

இருபது வருஷம் மக்களே! எங்கள் பி.காம் பாடத்தில் 'பேபேக் பீரியட்' என்று ஒரு கணக்கு உண்டு, போட்ட பணம் எப்போது திரும்பும் என்று. அதைப் போட்டிருந்தால் 1985-லேயே கடையைச் சாத்தியிருப்பார்கள். (என் சப்ஜெக்ட்தான், திட்ட எனக்கு உரிமை உண்டு :-))

மூன்று வருஷத்தில் ரிசல்ட் காட்டு என்று ஆராய்ச்சியாளர்களை மிரட்டும் புண்ணியவான்களே, அசித்ரோமைசின் மாத்திரை பாக்டீரியாவின் ரைபோசோமில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரிந்தது அந்த 'நஷ்டத்தில்'தான். அதை எந்த லெட்ஜரில் எழுதுவீர்கள்?