தேனீ கொட்டினால் என்ன செய்வது?

வீட்டுக் கொல்லையில் பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பது நல்ல பழக்கம். பால்மரம் துளிர்க்கும் காலத்தில் இளந்தளிரின் காம்பு நுனியில் கசியும் இனிப்பு நீரைத் தேனீக்கள் தேடி வரும். தென்னம்பாளை விரிந்தால் மகரந்தமும் கிடைக்கும். ஆனால், தேன் இருக்கும் இடத்தில் கொடுக்கும் இருக்குமல்லவா? அதைப் பற்றி வீட்டில் பெரியவர் முதல் சிறியவர் வரை அறிந்திருக்க வேண்டும்.

தேனீயின் கொடுக்கில் தூண்டில் முள்ளைப் போன்ற சிறு பற்கள் உண்டு. ஆகவே அது நம் தோலில் சிக்கி, விஷப்பையோடு அறுந்து நின்றுவிடுகிறது. தேனீ இறந்துபோகும், ஆனால் அந்தப் பை தொடர்ந்து விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். சில விநாடிகளிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். எனவே, நகத்தாலோ விரலாலோ உடனே அதை எடுத்துவிடுங்கள். கத்தி தேடி ஓட வேண்டாம். எப்படி எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுத்தோம் என்பதே முக்கியம்.

கொட்டிய இடத்திலிருந்து ஒரு வாசனை எழும்; வாழைப்பழ வாசனை போலிருக்கும். அது மற்ற தேனீக்களைச் சண்டைக்கு அழைக்கும் அழைப்பு. ஆகையால் கைகளை வீசி அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றடம் கொடுங்கள். கையில் கொட்டியிருந்தால் மோதிரம், வளையலை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். வீக்கமும் அரிப்பும் இரண்டு மூன்று நாள் இருக்கலாம்; அதற்கு அஞ்ச வேண்டாம்.

சுண்ணாம்பு தடவுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எல்லாம் நம் பக்கத்துப் பழக்கம். விஷம் தோலுக்குள் இறங்கியபின் மேலே தடவுவது அதை எட்டாது; தோல்தான் புண்ணாகும்.

தாய்மார்களே, இதை மட்டும் மறக்காதீர்கள். கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் சாதாரணம். கொட்டாத இடத்தில் மாற்றம் தெரிந்தால் ஆபத்து. கையில் கொட்டியிருக்க, உதடோ நாக்கோ வீங்குகிறதா? உடம்பெங்கும் தடிப்பு எழுகிறதா? மூச்சு இழுக்கிறதா? வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வருகிறதா? ஒரு நிமிடமும் காத்திராமல் 999-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமாகும் இடமானால் கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும். அதுவரை நோயாளியை நடக்க விடாமல் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வையுங்கள். முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லையே என்று அலட்சியம் வேண்டாம். வாய்க்குள் கொட்டினாலும், குழந்தையைப் பல தேனீக்கள் கொட்டினாலும் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வருமுன் காப்பதும் எளிதே. பெட்டியின் வாசல் பிள்ளைகள் நடக்கும் வழியைப் பார்த்திருக்கக் கூடாது. பெட்டியைத் திறக்கும்போது வெளிர்நிற முழுக்கைச் சட்டையும் முகவலையும் அணிந்து, பக்கவாட்டில் நின்று, நிதானமாகக் கை வையுங்கள். மழை மூட்டத்தில் திறக்காதீர்கள். அன்று வாசனைத் தைலமும் வேண்டாம். தேங்காய் மட்டைப் புகையைச் சிறிது காட்டினால், அழைப்பு வாசனை மறைந்து தேனீக்கள் அடங்கும்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், தேனீ விஷம் ஒத்துக்கொள்ளாதவர் உள்ள வீட்டுக்கும் கெலுலுட் வகை ஏற்றது. சிறிய கறுப்பு ஈ போன்ற அதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. தேன் சற்றுப் புளிக்கும், அவ்வளவுதான்.

நம் லயத்திலிருந்து ஆஸ்பத்திரி எத்தனை மைல், இரவில் யாருடைய வண்டி கிடைக்கும் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். பெட்டி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.